கருங்காலிக் கதிரையின் வயது

ஒரு பழைய மரக் கதிரையின் வயதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அதில் உட்காரக் கூடாது. கவிழ்த்துப் பார்க்க வேண்டும். முன்பக்கம் என்பது அது நமக்குக் காட்ட விரும்புகிற பக்கம். அதை எல்லோரும் துடைப்பார்கள், மெருகு போடுவார்கள். அடிப்பக்கத்தை யாரும் தொடுவதில்லை. ரம்பம் போன தடம், உளி சறுக்கிய இடம், மூட்டில் அடித்த மர ஆப்பு எல்லாம் அங்கே அப்படியே இருக்கும்.

நிலந்தி, நீ கேட்டது இதையல்ல என்று எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை வந்தாய். கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல், வாசலில் நின்றபடியே கேட்டாய்.

"சித்தப்பா, அண்டைக்கு அவர் உண்மையிலேயே அப்பிடித்தான் செய்தாரா? உங்கட வாயால ஒருக்காச் சொல்லுங்கோ."

பதினைந்து வருடங்களில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் நீதான். மற்றவர்கள் எல்லோரும் எனக்குச் சொன்னார்கள், யாரும் கேட்கவில்லை. உன் மகள் ஹிமாஷியைப் பெண் பார்த்த மாத்தறைக்காரர்கள், 'நடக்க முடியாத சின்னம்மாவை விட்டுவிட்டுக் கதிரையை ஏற்றிக்கொண்டு போனவனுடைய மகள்' என்று சொல்லிக் கையை விரித்துவிட்டார்களாம். அதையும் சொன்னாய். எழுதித் தருகிறேன் என்றேன். ஐம்பது வருடமாகக் கதிரைகளுக்குச் சான்றிதழ் எழுதிப் பழகியவன் நான். வாயால் சொன்னால் வளைந்து போகும். எழுதினால் ஓரளவு நேராக வரும். இதை அவர்களிடம் காட்டு. கடைசியில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அந்தக் கதிரையை நான் முதலில் பார்த்தது 1971இல், இரங்கனியின் அப்பா வீட்டில். அவர்களுடைய கூடத்துச் சாமான்களை மதிப்பிடத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கூடத்தில் இருந்தவை எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துப் பலாமரம், பெரிதாக ஒன்றுமில்லை. குசினிக்குப் பின்னால் கிணற்றடியில் ஒரு கறுப்புக் கதிரை கிடந்தது. முதுகு தாழ்ந்து, கால்கள் கயிறு முறுக்கியது போலக் கடையப்பட்டு, சட்டமெல்லாம் பூ.

"அது அப்பாவுக்குத் தலைமயிர் வெட்டுற கதிரை" என்றாள் இரங்கனி. நான் கேட்பதற்கு முன்பே அவளே அதைக் கவிழ்த்தாள். தனியாகத் தூக்க முடியாமல் முழங்காலால் முட்டுக் கொடுத்துக் கவிழ்த்தாள். அசல் கருங்காலி. தண்ணீரில் போட்டால் கல்லாக இறங்கும். "இங்க பாருங்கோ, ஒரு ஆணிகூட இல்ல" என்று ஆப்புகளை விரலால் தொட்டுக் காட்டினாள்.

பூக்கள் சிறியவை, நெருக்கமானவை, மேலோட்டமாகச் செதுக்கியவை. பிந்திய காலத்துக் கதிரைகளில் பூ பெரிதாகிப் புடைத்து நிற்கும். கால்களை அளந்து பார்த்தேன். கடைசல் பிடித்த மரம் முதலில் சரியான வட்டமாகத்தான் இருக்கும். நூறு, இருநூறு வருடத்தில் அது ஒரு பக்கமாக மட்டும் சுருங்கி முட்டை வடிவத்துக்கு வரும். கண்ணுக்குத் தெரியாது, அளவுகோலுக்குத் தெரியும். இந்தக் கால்கள் நன்றாகவே சுருங்கியிருந்தன. ஒல்லாந்தர் வந்து கொஞ்ச நாளில் செய்தது, 1670 வாக்கில் என்று அன்றைக்கே சொன்னேன். அதற்கு மேல் எதையும் மாற்றிச் சொல்ல எனக்குத் தேவை வரவில்லை.

அடுத்த வருடம் இரங்கனியைக் கட்டினேன். கதிரை சீதனமாக வந்தது. கதிரைக்காகத்தான் கட்டினேன் என்று ஊர் பேசியது. அது பிழை. அவள் சிரிக்க வைப்பாள், நன்றாகச் சமைப்பாள், என்னைவிடக் கூர்மையாகப் பார்ப்பாள். கதிரையை அவள் 'மூத்தாள்' என்று கூப்பிடுவாள். "மூத்தாளுக்கு எண்ணெய் பூசியாச்சா? அப்ப இளையாளுக்கும் கொஞ்சம் தேத்தண்ணி ஊத்துங்கோ." முப்பத்திரண்டு வருடம் அப்படி இருந்தோம். பிள்ளை இல்லை. அவளுடைய அக்கா கருணாவதியின் மகன், உன் புருஷன் துமிந்ததான் எங்கள் வீட்டுப் பிள்ளை. அது உனக்கே தெரியும்.

2004இல் கடல் ஊருக்குள் வருவதற்கு இரண்டு வருடம் முன்னால் எனக்கு நடந்ததைச் சொல்லாவிட்டால் மிச்சம் உனக்கு விளங்காது.

கொழும்பில் ஒரு ஹோட்டல்காரருக்கு ஆறு கால் வைத்த வட்டக் கதிரைகள் ஆறு வந்தன. பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். ஹோட்டல்காரர் பக்கத்தில் நின்று கேக்கும் தேத்தண்ணியும் நீட்டிக்கொண்டே இருந்தார். கவிழ்த்துப் பார்ப்பது மரியாதையாக இருக்காது என்று தோன்றியது. 1700 என்று எழுதிக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து, விருந்தாளிகள் நிறைந்த விறாந்தையில், ஒரு கதிரையின் பிரம்பு அறுந்துவிட்டது என்று மொறட்டுவையிலிருந்து ஒரு தச்சரை வரவழைத்தார்கள். நானும் அங்கே இருந்தேன். அந்த மனிதர் கதிரையைக் கவிழ்த்தார், பார்த்தார், சிரித்தார்.

"இது என்ட கை மாத்தயா! மூத்த மகள் பிறந்த வருசம் செய்தது. அவளுக்கு இப்ப முப்பத்தொரு வயசு. நல்லா வச்சிருக்கிறீங்க."

அவர் என்னைக் கேலி செய்யவில்லை. பெருமைப்பட்டார். மற்றவர்கள்தான் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. கடைத்தெருவில் 'கதிரை மாத்தயா' என்று மரியாதையாகக் கூப்பிட்டவர்கள் 'மொறட்டுவை மாத்தயா' என்று கூப்பிட்டார்கள். ஒருநாள் மீன்கடைப் பையன் ஒருத்தன் பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து படலையில் வைத்து, "மாத்தயா, இது ஒல்லாந்தர் காலமா, போர்த்துக்கேயர் காலமா?" என்றான். உள்ளேயிருந்து இரங்கனிதான் குரல் கொடுத்தாள்: "அது உங்கட மாமியார் காலம் தம்பி. பார்த்து இருங்கோ, கடிச்சுப் போடும்."

அன்று இரவு அவள் சாப்பிட்டாள். நான் சாப்பிடவில்லை. கொழும்பில் அந்தக் கறுப்புக் கதிரையையும் விட்டுவைக்கவில்லை. அதுவும் வெள்ளைக்காரன் காலத்து நகல்தான், லயனலுக்கு என்ன தெரியும் என்று என் பேரைச் சொல்லிச் சிரித்தார்கள். வாழ்நாள் முழுவதும் நான் நிச்சயமாகச் சரியாகச் சொன்ன ஒரு விஷயம் அது. அதுவும் போய்விட்டால் என்னிடம் என்ன மிஞ்சும் என்று நினைத்துப் பார்ப்பேன். ஒன்றும் தென்படாது. தூங்க மாட்டேன். குளிக்க மறந்துபோகும். பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. மறுபடி எழுதினேன்.

அந்த வருடக் கடைசியில் இரங்கனிக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அவளுக்கு வாகாக இருந்த ஒரே ஆசனம் அந்தக் கதிரைதான். முதுகு தாழ்வு, கைப்பிடி அகலம், சரியாமல் தாங்கும். வேறு கதிரை செய்து தருகிறேன் என்றேன். "என்ட வீட்டுக் கதிரை. நான் இருக்காம வேற ஆர் இருக்கிறது?" என்றாள். காலையிலிருந்து பொழுதுபடும் வரை அதில்தான். பின்கால் ஒன்றில் ஆப்பு இளகியது. நான் சொல்லிக் காட்டவில்லை.

பேராசிரியர் தெல்கொட மட்டும் பதில் எழுதினார். இந்தத் தீவின் பழைய மரச்சாமான்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதுகிறாராம். டிசம்பர் 28ஆம் திகதி எங்கள் ஊர் தொடந்துவைக்கு வந்து கதிரையைப் பார்ப்பதாகச் சொன்னார். அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். நாட்களை எண்ணினேன். எனக்கு இனி வேறு ஒன்றும் வராது என்று தெரிந்திருந்தது.

26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, முழுநிலவுப் போயா. அக்கம்பக்கத்தார் எல்லோரும் வெள்ளை உடுத்துக் குன்றின் மேல் விகாரைக்குச் சில் எடுத்து விரதமிருக்கப் போய்விட்டார்கள். இரங்கனிக்கும் வெள்ளைச் சேலை சுற்றிவிட்டிருந்தேன். கதிரையில் இருந்து ரேடியோவில் தேரருடைய பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பதரை மணியிருக்கும், வாசலால் தண்ணீர் வந்தது. சத்தமே இல்லாமல், யாரோ வாளியைச் சரித்தது போல வந்து முழங்கால் வரை ஏறியது. மின்சாரம் நின்றது. ரேடியோ நின்றது.

"என்னது இது?"

"கடல் உள்ள வந்திருக்கு."

"போயாவுக்கு அதுவும் சில் எடுக்க வந்திருக்கும்" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் வற்றிவிட்டது. கூடமெல்லாம் மணல். கதிரையின் கால்கள் நனைந்திருந்தன. உப்புத் தண்ணீர் மூட்டுக்குள் போனால் ஆப்பு ஊதி, காயும்போது வெடிக்கும். அவளைத் தூக்கினேன். இடக்கையை என் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பின்னறைக் கட்டிலில் கிடத்தினேன். "ஓம் ஓம், முதல்ல மூத்தாளைப் பாருங்கோ" என்றாள். தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று அறைக் கதவை மூடினேன்.

அதுவரை நான் செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன்.

கால்களைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது படலையில் ஆட்டோ ஹோர்ன் அடித்தது. துமிந்த. இடுப்பு வரை ஈரம்.

"சித்தப்பா, கடல் அங்கால எங்கேயோ ஓடிட்டுது! திரும்பி வரப்போகுது எண்டு சனம் ஓடுது. சின்னம்மா எங்க?"

அவனுடைய ஆட்டோவில் ஒன்றுதான் கொள்ளும். அவளைச் சாய்த்து வைத்தால் கதிரைக்கு இடமில்லை. கதிரையை வைத்தால் அவளுக்கு இடமில்லை. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் தண்ணீர் முழங்கால் அளவு. கட்டில் அதைவிட உயரம். கட்டிலில் கிடப்பவள் நனைய மாட்டாள். கதிரை தரையில் நிற்கிறது. இரண்டு நாளில் பேராசிரியர் வருகிறார். முதலில் கதிரை, அடுத்த நடையில் அவள். இது நியாயமான ஒழுங்குதான். ஆனால் துமிந்த இதை ஒப்புக்கொள்ள மாட்டான் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

"சின்னம்மாவை ஜயசேனட வேன்ல ஏத்தி அனுப்பிட்டன். விகாரைக்குப் போயிட்டா. நீ இதைப் பிடி" என்றேன்.

"இப்ப கதிரையா? உங்களுக்கென்ன விசரா?"

"அவ மேல போய் எதுல இருக்கிறது? தரையிலயா?"

அதைக் கேட்டதும் அவன் பிடித்தான். இரங்கனிக்காகத்தான் பிடித்தான். இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு போனோம். அவள் கூப்பிடவில்லை.

இல்லை. அந்த வரியை எழுதிவிட்டு ஒரு மணி நேரம் வெளியில் நடந்துவிட்டு வந்திருக்கிறேன். அவள் கூப்பிட்டாள். ஒரு தடவை. வாழ்நாளில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடாதவள், "லயனல்" என்று கூப்பிட்டாள். துமிந்தவின் குரல் அவளுக்குக் கேட்டிருக்கும். நான் சொன்னதும் கேட்டிருக்கும். இருந்தும் துமிந்தவைக் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டாள்.

துமிந்த நின்றான். "ஆரோ கூப்பிட்ட மாதிரி?"

"ரேடியோ" என்றேன். "பிரசங்கம். கதவு நிலையில இடிச்சுப் போடாத, உன்ட பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்து."

பின்பக்க ஏற்றப் பாதையால் போனோம். கீழ் முற்றத்தில் ஆட்டோவை நிறுத்தி, முப்பது படி கதிரையைச் சுமந்து பிரசங்க மண்டபத்தில் வைத்தோம். அங்கே வெள்ளை உடுத்த பெண்கள் ஐம்பது, அறுபது பேர். துமிந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். "சின்னம்மா எங்க?" என்றான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் எல்லோருக்கும் முன்னால் பொய்யனாகிவிடுவேன். ஏற்கெனவே கொழும்பில் ஒரு விறாந்தையில் அப்படி நின்றவன் நான். "தானசாலையில பார், அங்க படுக்க வச்சிருப்பினம்" என்றேன். அவன் ஓடினான்.

அவன் தேடிக்கொண்டிருந்தபோது நான் கதிரையைக் கவிழ்த்து, பின்கால் ஆப்பைப் பார்த்தேன். முன்பு இளகியதைவிட மேலும் இளகவில்லை. சாரத்தின் நுனியால் மூட்டுகளைத் துடைத்தேன். பக்கத்தில் ஒரு பெண் பிள்ளைக்குத் தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்து, "நல்லகாலம் மாத்தயா, ஒண்டும் உடையேல்ல" என்றாள்.

துமிந்த திரும்பி வந்தான். மூச்சு வாங்கியது. என் முகத்தைப் பார்த்தான், கதிரையைப் பார்த்தான்.

"கரண்ட் இல்லையே சித்தப்பா" என்றான். "ரேடியோ எப்பிடிப் பாடும்?"

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், இன்னும் கொஞ்ச நேரம் போயிருக்கும், அவன் பிழைத்திருப்பான். படிகளில் இரண்டு இரண்டாகப் பாய்ந்து இறங்கினான். ஆட்டோ முதல் இழுப்பில் பற்றவில்லை. மூன்றாவதில் பற்றியது. அது வளைவில் திரும்பிக் கொஞ்ச நேரத்தில் இரண்டாவது தண்ணீர் வந்தது. அதன் சத்தத்தைப் பற்றி எழுதத் தேவையில்லை. நீயும் அன்று தாய்வீட்டுக் கூரையில் இருந்து கேட்டிருப்பாய்.

பிறகு மூன்று தடவை, வாடகை ஆட்டோ பிடித்து, கையில் கடிகாரத்துடன் அந்த வழியில் போய்ப் பார்த்தேன். விகாரையிலிருந்து வீட்டுக்குப் போய், ஒரு ஆளைத் தூக்கி ஏற்றித் திரும்பி வர ஒன்பது நிமிடம். அவன் தானசாலையிலும் மடத்திலும் தேடித் திரிந்தது பத்து நிமிடத்துக்குக் குறையாது. மேலே வந்தவுடன் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் இருந்திருப்பார்கள். கேள்வி இல்லை.

ஆட்டோ களப்போரத்தில் கிடந்தது. துமிந்தவும் அங்கேதான். இரங்கனியை வீட்டிலேயே எடுத்தார்கள். கதவு ஊதி இறுகியிருந்ததால் கோடாலியால் உடைக்க வேண்டியிருந்தது. கதவு ஏன் மூடியிருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அரசமரத்தடியில் ஒரு பொலிஸ்காரர் செத்தவர்களின் பேரை எழுதிக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. பின்னால் மண்டபத்தில் கதிரை நின்றது, எல்லோருக்கும் தெரிந்தது. "மனுசியை விட்டுட்டுக் கதிரையோட வந்திருக்கிறீங்க, எப்பிடி?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். சுற்றிலும் நின்றவர்கள் என் பக்கம் திரும்பினார்கள்.

"துமிந்ததான் முதல்ல கதிரையை ஏத்தினவன்" என்றேன். "சின்னம்மாவை எடு எண்டு கெஞ்சினன். பெறுமதியான சாமான் எண்டான், கேக்கேல்ல."

அவர் எழுதினார். சனம் சுலபமாக நம்பியது. அவன் சின்னம்மாவைத் தேடித் திரிந்ததை அந்தக் குழப்பத்தில் யாரும் கவனித்திருக்கவில்லை. அந்தச் சித்திரைப் புத்தாண்டுக்கு எல்லோருக்கும் முன்னால் துமிந்த பகிடியாக, "சித்தப்பா, உங்களுக்குப் பிறகு இந்தக் கதிரை எனக்குத்தானே?" என்று கேட்டிருந்தான். அந்தப் பகிடியை நான் ஞாபகப்படுத்தவில்லை. மற்றவர்களாகவே ஞாபகப்படுத்திக்கொண்டார்கள்.

கருணாவதி அக்கா வந்து என் காலைப் பிடித்தார். "என்ட பிள்ளை செய்ததை மன்னிச்சிடுங்கோ தம்பி" என்றார். ஒரு கையில் தங்கை செத்த துக்கம், மறு கையில் மகன். அவருடைய தலையில் கை வைத்தேன். மன்னித்துவிட்டதாகச் சொன்னேன்.

பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் தானம் கொடுத்தோம். புண்ணியம் சேர வேண்டியவர்களின் பேரைத் தேரர் கேட்பார். அக்கா தங்கையின் பேரைச் சொல்வார். மகனின் பேரைச் சொல்ல வாயைத் திறப்பார், என்னைப் பார்ப்பார், மூடிக்கொள்வார். சாகும் வரை அப்படித்தான். நீ சோறு பரிமாறும்போது முதலில் எனக்குத்தான் போடுவாய். நான் சாப்பிட்டேன்.

பேராசிரியர் தெல்கொட மார்ச் மாதம் வந்தார். கதிரையைக் கவிழ்த்தார், அளந்தார், பூதக்கண்ணாடியால் பார்த்தார். ஒரு மணி நேரம் எடுத்தது. எழுந்து என் கையைப் பிடித்து, "நீங்கள்தான் சரி. 1680க்கு முந்தியது. நான் பார்த்ததில் இவ்வளவு சுத்தமாக வேறு இல்லை" என்றார். நான் அழுதேன். விம்மி விம்மி அழுதேன். இரங்கனியை நினைத்து அழுகிறேன் என்று அவர் நினைத்தார், ஆறுதல் சொன்னார். புத்தகத்தில் கதிரைக்கு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறார். கீழே என் பேர் இருக்கிறது. பிறகு மறுபடியும் கதிரைகளோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மொறட்டுவை மாத்தயா என்று யாரும் கூப்பிடவில்லை.

இதெல்லாம் ஹிமாஷிக்காக எழுதியது. ஆகவே மாத்தறைக்காரர்களுக்கு விளங்கும்படி சுருக்கமாக இன்னொரு தடவை எழுதுகிறேன். என் மனைவி இரங்கனியை அறைக்குள் கிடத்தி, கதவை மூடி, அவள் கூப்பிட்டதைக் கேட்டும் கேட்காதவன் போல வந்தவன் நான். அவள் போய்விட்டாள் என்று துமிந்தவிடம் பொய் சொன்னவன் நான். அவன் கதிரைக்காகப் போனவன் அல்ல, அவளுக்காகத் திரும்பிப் போனவன். அவன் பேரில் பழி போட்டவனும் நான். இரண்டு பேரும் என்னால் செத்தார்கள். இதை யாரும் என்னை வற்புறுத்தி எழுத வைக்கவில்லை.

என்னைப் பற்றி நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். நினைத்துக்கொள். ஒன்றை மட்டும் தெரிந்துகொள். அவ்வளவு அவசரத்திலும், அத்தனை படிகளிலும், அந்தக் கதிரையில் ஒரு கீறல்கூட விழவில்லை. இரங்கனி உயிரோடு வந்திருந்தால் அவளும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பாள்.

லயனல் கமாச்சிகே
தொடந்துவை